சிவப்புக் குப்பி, நீலக் குப்பி, என் கம்பி பிரஷ்

எங்கள் வீட்டில் எதற்கும் சண்டை வராது. சொத்துக்காக வராது, ஏனென்றால் சொத்து இல்லை. அரசியலுக்காக வராது, ஏனென்றால் எல்லாக் கட்சியையும் நாங்கள் பாரபட்சமில்லாமல் திட்டுகிறவர்கள். போல்ட்டில் விடுகிற பசை சிவப்பா நீலமா என்பதற்கு மட்டும் வரும். வந்தால் லேசில் போகாது.

என் வீட்டுக்காரரும் என் தம்பியும் ஒரே பட்டறையில் கியர்பாக்ஸ் வேலை பார்க்கிறவர்கள். ஒரே மேஜை, ஆளுக்கொரு வைஸ், போல்ட்டைச் சரியான அளவுக்கு முடுக்கியதும் 'டக்' என்று சொல்லும் டார்க் ரெஞ்ச் ஒன்று, இருவருக்கும் பொதுவாக. மற்ற எல்லாவற்றிலும் நகமும் சதையுமாக இருப்பார்கள். திரெட்லாக் என்ற வார்த்தை காதில் விழுந்தால் மட்டும் எலியும் பூனையுமாகிவிடுவார்கள். திரெட்லாக் என்பது சின்னக் குப்பியில் வருகிற ஒரு திரவம். போல்ட்டின் மரையில் ஒரு சொட்டு விட்டு முடுக்கினால் உள்ளேயே இறுகிவிடும், வண்டி எவ்வளவு அதிர்ந்தாலும் போல்ட் தானாகக் கழலாது. நீலம் விட்டால் பிறகு ஸ்பேனர் போட்டுக் கழற்றிக்கொள்ளலாம். சிவப்பு விட்டால் போல்ட்டை நன்றாகச் சூடேற்றினால்தான் அசைந்து கொடுக்கும். விஷயம் இவ்வளவுதான். இந்த இவ்வளவை வைத்துக்கொண்டு இரண்டு வளர்ந்த ஆண்கள் வருடக்கணக்காக வாழ முடியும் என்று யாராவது சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

என் வீட்டுக்காரர் சிவப்புக் கட்சி. தம்பி நீலக் கட்சி. பக்கத்துக் கடை லேத்காரர் இவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். "சிவப்பு இருக்காரா? நீலம் சாப்பிடப் போயிருக்கா?" என்றுதான் கேட்பார்.

இதெல்லாம் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது, என் வேன் அந்த மேஜைக்கு வரும்வரை.

நான் டிரைவர். பல வருடம் ஒரு முதலாளியிடம் வேன் ஓட்டினேன். அவருடைய வேன்களில் எது எப்போது நிற்கும் என்று அதைச் செய்தவனுக்கே தெரியாது. போன மாதம் டயாலிசிஸ் சென்டர் ஒன்றில் வேலை இருப்பதாகத் தெரியவந்தது. நோயாளிகளைக் காலையில் வீட்டிலிருந்து கூட்டிப்போய், சிகிச்சை முடிந்ததும் திரும்பக் கொண்டுவிட வேண்டும். திங்கள், புதன், வெள்ளி. சொந்த வேன் இருக்க வேண்டும், நேரம் தவறக் கூடாது. "முதல் நாளே வரலைன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவேன். இவங்க ரத்தம் உங்களுக்காகக் காத்திருக்காது" என்றார் மேனேஜர் அம்மா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் அந்தச் சிரிப்பில் சிரிப்பு இல்லை.

உடனே ஒரு பழைய வேனை வாங்கினேன். வாங்கிய சூட்டோடு முதலாளியிடம் போய் ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். "உங்க வண்டி ஒண்ணொண்ணும் ஓடுற தகர டப்பா. இனிமே இந்த கேட் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்க மாட்டேன்" என்று முடித்தேன். அருமையான பேச்சு. நான்கு டிரைவர்கள் கேட்டார்கள். அதில் ஒருவர் கை தட்டினார்.

வேனில் ஒரே ஒரு குறை. வளைவில் திரும்பும்போது கியர்பாக்ஸுக்குள் யாரோ பல்லைக் கடிப்பதுபோல் சத்தம் வந்தது. விற்றவர் அது இந்த மாடலுக்கே உரிய சத்தம் என்றார். அந்த மாடலுக்கே உரிய பொய் என்று பிறகு தெரிந்தது.

"நாங்க ரெண்டு பேர் இருக்கோம்ல, நீ ஏன் கவலைப்படறே?" என்றார் வீட்டுக்காரர். அப்போதே நான் கவலைப்பட ஆரம்பித்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்தார்கள். உள்ளே கிரவுன் வீல் என்று ஒரு பெரிய பல்சக்கரம் இருக்கிறது, அதுதான் கடைசியில் சக்கரங்களைச் சுழற்றுவது. அதைப் பிடித்திருந்த போல்ட்டுகளில் ஒன்று கழன்று பாதி வெளியே வந்து, சுற்றிச் சுற்றி கியர்பாக்ஸ் கூட்டின் உள்பக்கத்தைக் கடித்துத் தின்றிருந்தது. தலை மழுங்கிப்போன அந்த போல்ட்டை வீட்டுக்காரர் விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தம்பி வாங்கிப் பார்த்தான். இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்குப் புதிதாக இருந்தது. வீட்டுக்காரர் அந்த போல்ட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை கிரவுன் வீலுக்குப் புது போல்ட்டுகள் வந்தன. சும்மா உட்கார்ந்திருந்தால் கை பரபரக்கும் ஜாதி நான். ஏதாவது வேலை கொடுங்கள் என்று நச்சரித்தேன்.

"மரையைச் சுத்தம் பண்ணு. எண்ணெய், பிசுக்கு ஒண்ணும் இருக்கக் கூடாது. பசை பிடிக்காது" என்றார் வீட்டுக்காரர்.

"ஆமாக்கா, வெறும் இரும்பு தெரியணும். பளபளன்னு இருக்கணும்" என்றான் தம்பி.

இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான் என்பதால் நானும் பயபக்தியோடு உட்கார்ந்தேன். ஒரு கிண்ணத்தில் தின்னர், கையில் கம்பி பிரஷ். புது போல்ட்டுகள்தான், ஆனால் மரையின் நடுவில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ வறட்டிபோல் காய்ந்து அப்பியிருந்தது. கம்பெனிக்காரன் துரு பிடிக்காமல் இருக்க எதையோ அப்பி அனுப்பியிருக்கிறான் என்று நினைத்தேன். லேசில் வரவில்லை. நானும் லேசில் விடுகிறவள் இல்லை. மரையின் ஒவ்வொரு பள்ளத்திலும் பிரஷை விட்டு, நகத்தால் சுரண்டி, தின்னரில் முக்கி, மறுபடி தேய்த்தேன். மடியெல்லாம் ஆரஞ்சுத் தூள். கடைசியில் போல்ட்டுகள் கண்ணாடிபோல் மின்னின.

துணியில் வரிசையாக வைத்துக் காட்டினேன்.

"சபாஷ்" என்றார் வீட்டுக்காரர். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்பது அதுதான் முதல் தடவை.

"அக்கா பேசாம இங்கேயே வேலைக்கு வந்துடு" என்றான் தம்பி. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

சுத்தம் முடிந்தது. அடுத்து பசை. சண்டை தொடங்கியது.

"கிரவுன் போல்ட்டுக்குச் சிவப்புதான்."

"மாமா, சிவப்பு போட்டா நாளைக்கு ஏதாவதுன்னா திறக்கவே முடியாது. சூடு காட்டணும். பக்கத்துல பேரிங் இருக்கு, சீல் இருக்கு, எல்லாம் வெந்துபோகும்."

"எதுக்குத் திறக்கணும்? திறக்கவே வேண்டாம்னுதானே சிவப்பு?"

"திறக்காத கியர்பாக்ஸ்னு உலகத்துல ஒண்ணு இருக்கா?"

"உன் நீலத்தைப் போட்டுத்தான் திறந்துகிட்டே இருக்கீங்க எல்லாரும்."

இது வெள்ளி மதியம். வெள்ளி சாயங்காலமும் இதேதான், கொஞ்சம் உரக்க. சனிக்கிழமை காலையில் பழைய வழக்குகள் வெளியே வந்தன. எப்போதோ ஒரு லாரியில் சிவப்பு போட்டு, கழற்றும்போது போல்ட் முறிந்துபோனது. எப்போதோ ஒரு ஜீப்பில் நீலம் போட்டு, ஒரே மாதத்தில் எண்ணெய் ஒழுகியது. அந்த லாரியும் ஜீப்பும் இந்நேரம் காயலான் கடைக்குப் போய்ப் பாத்திரமாகக்கூட மாறியிருக்கும். என் கிரவுன் வீல் மேஜைமேல் துணி போர்த்திக்கொண்டு படுத்திருந்தது.

சனிக்கிழமை மதியம் வீட்டுக்காரர் தனியாக என்னிடம் வந்தார். "நீயே சொல்லு. கழலாம இருக்கறது முக்கியமா, கழட்ட வசதியா இருக்கறது முக்கியமா?"

எனக்குத் திங்கட்கிழமைதான் முக்கியம், சென்டரில் அன்றுதான் முதல் நாள். "நீங்க சொல்றதுதான் சரி" என்றேன். மனிதர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார்.

கொஞ்ச நேரத்தில் தம்பி வந்தான். "அக்கா, நடுரோட்டுல நின்னா எந்த ஊர் மெக்கானிக்கும் திறக்கிற மாதிரி இருக்கணுமா வேண்டாமா?"

"நீ சொல்றதுதான் சரிடா" என்றேன். அவனும் நிமிர்ந்துகொண்டு போனான்.

ஆளுக்கு ஒரு ஆமாம் கொடுத்துவிட்டால் சூடு தணிந்து யாராவது ஒருவர் விட்டுக்கொடுப்பார் என்பது என் கணக்கு. அது எவ்வளவு புத்திசாலித்தனமான கணக்கு என்பது ஞாயிறு காலையில் தெரிந்தது.

"உன் அக்காவே சிவப்புன்னு சொல்லிட்டா."

"அக்கா என்கிட்ட நீலம்னு சொன்னா."

இரண்டு தலைகளும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பின. குட்டு வெளிப்பட்டுவிட்டது. இந்த மாதிரி சமயத்தில் எதிராளியைவிட அதிகமாகக் கோபப்படுவதுதான் நல்லது. "மூணு நாளாச்சு! ஒரு சொட்டுப் பசைக்கு மூணு நாளா? கிளம்புங்க ரெண்டு பேரும், ஸ்பேர் கடைக்காரரைக் கேப்போம். அவர் என்ன சொல்றாரோ அதுதான்" என்று கத்தினேன்.

ஸ்பேர் கடை ஞாயிறன்று பாதி ஷட்டரோடுதான் திறந்திருக்கும். குனிந்து உள்ளே போனோம். கடைக்காரர் வானொலி கேட்டுக்கொண்டே ஆயில் ஃபில்டர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் ஒரு பக்கம், தம்பி மறுபக்கம் நின்று ஒரே நேரத்தில் பேசினார்கள். நடுவில் நான், இரண்டு வக்கீல்கள் கிடைத்த கைதி.

கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "புது போல்ட்டா பழசா?" என்றார்.

"புதுசு. வெள்ளிக்கிழமை உங்க கடையிலதான் வாங்கினோம்."

"அப்ப எதுக்குத் திரெட்லாக்?"

"எதுக்குன்னா?"

"அந்த போல்ட்டுல கம்பெனியே தடவித்தான் அனுப்பறான். மரையைச் சுத்தி ஆரஞ்சு கலர்ல காஞ்சு ஒட்டியிருக்கும், பாக்கலையா? அதுதான் திரெட்லாக். முடுக்கும்போது உடைஞ்சு தானா இறுகும். நீங்க சும்மா மாட்டி டார்க் வச்சா போதும்."

வானொலியில் யாரோ பயிர்களுக்கு வரும் பூச்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

"அதைப் போய் எவனாவது சுரண்டி எடுத்தாத்தான் தொல்லை" என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கி மின்விசிறியை ஆராய்ந்தார். தம்பி பக்கத்திலிருந்த எண்ணெய் டப்பாவை எடுத்து அதன் பின்பக்கத்தில் இருந்ததையெல்லாம் படித்தான். என்னைக் காட்டிக்கொடுக்க ஒரு விரல்கூட நீளவில்லை. நான் என் கைகளைப் பார்த்தேன். நகங்களுக்குள் இன்னும் ஆரஞ்சு இருந்தது.

"நான்தான் சுரண்டினேன்" என்றேன்.

"இல்ல, நாங்கதான் சொன்னோம்" என்றார் வீட்டுக்காரர், விசிறியிடம்.

கடைக்காரர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாட்டுக்கு அவரை மெச்ச வேண்டும். அதே போல்ட் வேறு இருக்கிறதா என்று கேட்டேன். சொல்லி வரவழைக்க வேண்டும், வியாழக்கிழமை ஆகும் என்றார்.

"சரி, இப்ப அது வெறும் போல்ட். எதைப் போடறது?" என்றான் தம்பி. குரலில் பழைய சத்தம் இல்லை.

"உள்ள சுத்துற கிரவுன் போல்ட்டுக்குச் சிவப்பு. வெளியில மூடி, பிராக்கெட் மாதிரி அடிக்கடி திறக்கறதுக்கு நீலம்."

ஆக இரண்டு பேருமே சரி, ஆளுக்குப் பாதி. முழுசாகத் தோற்றிருந்தால்கூட அவர்கள் தாங்கியிருப்பார்கள். பாதி சரி என்பதை இருவராலும் ஜீரணிக்க முடியவில்லை. "நான் மூடியைப் பத்தித்தான் சொன்னேன்" என்று தம்பி முணுமுணுத்தான். "கிரவுனைப் பத்தித்தானே பேச்சே" என்றார் வீட்டுக்காரர். ஆளுக்கொரு குப்பியை எடுத்துக்கொண்டார்கள்.

தம்பி குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "என்னண்ணே, பாதிதான் இருக்கு?" என்றான்.

"பாதிதான் இருக்கும். உள்ள காத்து இருந்தாத்தான் இது கெட்டியாகாம இருக்கும். காத்து இல்லாத இடத்துல இரும்போட நெருங்கினா இறுகிடும். ரொப்பி மூடினா குப்பியிலேயே கெட்டியாயிடும்."

ஒரே மேஜையில் இரண்டு பேரையும் ரொப்பி மூடி வைத்திருக்கிறேனே என்று அப்போது தோன்றியது. சொல்லவில்லை. அன்றைக்கு நான் வாயைத் திறக்கும் நிலையில் இல்லை.

மதியத்துக்குள் வேலை நடந்தது. இருவரும் பேசாமல் வேலை செய்தால் எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதை அன்றுதான் பார்த்தேன். வீட்டுக்காரர் ஒவ்வொரு போல்ட்டிலும் ஒரு சொட்டுச் சிவப்பு விட்டுக் கொடுத்தார், தம்பி டார்க் ரெஞ்ச் 'டக்' என்று சொல்லும்வரை முடுக்கினான். முடுக்கிய ஒவ்வொன்றின் தலைமேலும் அடையாளத்துக்கு வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு. மூடிக்கு நீலம். நான் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். கம்பி பிரஷை யாரோ எனக்கு எட்டாத ஆணியில் மாட்டியிருந்தார்கள்.

"சாயங்காலத்துக்குள்ள வண்டியில ஏத்திடுவீங்களா?" என்றேன்.

"ஏத்திடலாம்" என்றார் வீட்டுக்காரர். "ஆனா நாளைக்கு மத்தியானம் வரைக்கும் ஓட்டக் கூடாது. பசை முழுசா இறுக ஒரு நாள் வேணும்."

"நாளைக்கு விடிகாலையில எனக்கு முதல் நடை."

"தெரியும்."

"தெரிஞ்சுமா சொல்றீங்க?"

"மாமா சொல்றது சரிக்கா" என்றான் தம்பி.

பக்கத்துக் கடையில் லேத் நின்றது. நீலம் சிவப்பைச் சரி என்று சொன்னதை லேத்காரரும் கேட்டிருப்பார்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "மூணு நாள் சிவப்பு நீலம்னு குடுமிப்பிடி சண்டை போட்டுட்டு, இப்ப ஒத்துமையா வந்து ஒரு நாள் கேக்கறீங்களா? பாதி இறுகினா போதும், மெதுவா ஓட்டிக்கறேன். சாவியக் குடுங்க."

சாவியை யாரும் எடுக்கவில்லை. வீட்டுக்காரர் சட்டைப்பையிலிருந்து அந்தப் பழைய போல்ட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். வியாழக்கிழமையிலிருந்து அதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார், சட்டையை மாற்றும்போதுகூட மறக்காமல்.

"இது இன்னும் கொஞ்சம் வெளிய வந்திருந்தா என்ன ஆகும் தெரியுமா? கியர்பாக்ஸ் பூட்டிக்கும். ஓடுற வண்டியில, முன் சக்கரம் ரெண்டும் அப்படியே நின்னுடும். உள்ள நீ இருப்ப. பின்னாடி நோயாளிங்க இருப்பாங்க." அவர் போல்ட்டை என் பக்கம் நகர்த்தினார். "வேற யார் வண்டியா இருந்தாலும் நீலமே போடுடான்னு அன்னைக்கே விட்டிருப்பேன்."

"நானும் சிவப்பையே போட்டுத் தொலைங்கன்னு விட்டிருப்பேன்" என்றான் தம்பி, தரையைப் பார்த்துக்கொண்டு. "நீ எங்கயாவது தனியா நிப்பியேன்னுதான்..."

மூன்று நாளாக என் தலையை உருட்டியது பிடிவாதம் என்று நினைத்திருந்தேன். அது பயம். எனக்காகப் பட்ட பயத்தை ஆளுக்கொரு நிறத்தில் பட்டிருக்கிறார்கள். இதை வியாழக்கிழமையே வாயைத் திறந்து சொல்லியிருந்தால் என்ன என்று கேட்கத் தோன்றியது. ஆனால் ஆரஞ்சுத் தூளோடு உட்கார்ந்திருப்பவள் அதிகம் கேட்க முடியாது. நான் சுரண்டாமல் இருந்திருந்தால் அந்த வண்டிக்கு இந்த ஒரு நாள் தேவையே இருந்திருக்காது.

எழுந்து முதலாளியின் கேட்டுக்குப் போனேன். தலை வைத்துக்கூடப் படுக்க மாட்டேன் என்று சொன்ன அதே கேட். அன்று கை தட்டிய டிரைவர் இப்போதும் அங்கேதான் நின்றிருந்தார். இந்தத் தடவை தட்டவில்லை.

முதலாளி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "வாம்மா. தகர டப்பா ஞாபகம் வந்துச்சாக்கும்?"

"நாளைக்கு ஒரு நாள் ஒரு வேன் வேணும்."

"உன் வண்டிக்கு என்ன?"

"மூணு நாளா கியர்பாக்ஸ் வேலை நடக்குது."

"அடடா. புருஷனும் மெக்கானிக், தம்பியும் மெக்கானிக். ரெண்டு பேர் இருந்துமா மூணு நாள்? என் ஆளு அரை நாள்ல மாட்டி சாவியக் கையில குடுத்துடுவான்."

மூன்று நாளாக அதைத்தான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன், இன்னும் மோசமான வார்த்தைகளில். ஆனால் அவர் வாயிலிருந்து வந்ததும் சுருக்கென்றது.

"உங்க ஆளு குடுப்பான்" என்றேன். "அதனாலதான் உங்க வண்டிங்க ரோட்டுல நிக்குது. எங்க வீட்டுல அந்த ரெண்டு பேரும் ஒரு போல்ட்டுக்கு மூணு நாள் மண்டையை உடைச்சுக்குவாங்க. பசை முழுசா இறுகாம, நான் கால்ல விழுந்தாலும் சாவி குடுக்க மாட்டாங்க. எனக்கு வேலையே போனாலும் குடுக்க மாட்டாங்க. அந்த மாதிரி ஒருத்தன் உங்ககிட்ட இருந்தா காட்டுங்க பாப்போம்."

வேன் கேட்க வந்தவள் பேசுகிற பேச்சா இது என்று பாதியிலேயே எனக்கு உறைத்தது. நிறுத்த முடியவில்லை. என் சொற்பொழிவுகள் எப்போதும் அப்படித்தான்.

முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்தார். பிறகு ஆணியிலிருந்து ஒரு சாவியை எடுத்து நீட்டினார். நான் ஓட்டியதிலேயே மோசமான வண்டி, என் சொற்பொழிவில் சிறப்பாகக் குறிப்பிடப்பட்டது. "எடுத்துட்டுப் போ. முடிஞ்சதும் இங்க கொண்டுவர வேண்டாம். அந்த ரெண்டு பேர்கிட்ட விடு. இதோட கியர்பாக்ஸையும் பாக்கச் சொல்லு."

திங்கள் விடிகாலையில் அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் எல்லாரையும் ஏற்றிக்கொண்டேன். மேனேஜர் அம்மா வாசலில் நின்று, வேனின் பக்கவாட்டில் ஆளுயரத்துக்கு எழுதியிருந்த முதலாளியின் பெயரை நிதானமாகப் படித்தார்.

"இது உங்க வண்டியா?"

"இல்லைங்க. என் வண்டியில பசை இறுகிட்டிருக்கு."

அவர் இன்னும் கேட்பார் என்று நினைத்தேன். கடிகாரத்தைப் பார்த்தார். "நேரத்துக்கு வந்துட்டீங்க, அதனால விடறேன். புதன்கிழமை சொந்த வண்டியில, இதே நேரத்துக்கு வரணும். இல்லன்னா வர வேண்டாம்."

புதன்கிழமை வந்தது. என் வேன் பட்டறை வாசலில் துடைத்து நிறுத்தப்பட்டிருந்தது. செவ்வாயன்று இருவரும் தனித்தனியாக ஓட்டிப் பார்த்திருந்தார்கள். சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்காரர், "நாங்க அந்த டப்பாவை டெஸ்ட் ஓட்டப் போறோம்" என்றார்.

"இந்த விடிகாலையிலயா? எந்தப் பக்கம்?"

"சும்மா, டயாலிசிஸ் சென்டர் பக்கம்" என்றான் தம்பி.

வண்டியைக் கிளப்பினேன். எல்லாரையும் ஏற்றிக்கொண்டு பெரிய சாலைக்கு வந்தபோது கண்ணாடியில் பார்த்தேன். டப்பா பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. என் வேனுக்கு அடியில் எண்ணெய் சொட்டுகிறதா என்று தம்பி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டு வந்தான்.

"பின்னாடி ஒரு வண்டி ரொம்ப நேரமா வருதேம்மா, உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?" என்றார் முன் சீட்டில் இருந்த பெரியவர்.

"தெரிஞ்ச மாதிரிதான் இருக்கு."

வளைவு வந்தது. முன்பு கியர்பாக்ஸ் பல்லைக் கடித்த மாதிரியான வளைவு. மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினேன். டயர் சத்தம், காற்றின் சத்தம், பின் சீட்டில் யாரோ இருமிய சத்தம். கியர்பாக்ஸிலிருந்து ஒன்றும் இல்லை.

வளைவு தாண்டிக் கண்ணாடியைப் பார்த்தபோது டப்பாவைக் காணோம். இன்னும் கொஞ்சம் தூரம் போனதும் சாலை நேராகி, தெரிந்தது. ஓரமாக நின்றுவிட்டிருந்தது. இருவரும் இறங்கி ஆளுக்கொரு பக்கம் நின்று, கைகளை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசுகிறார்கள் என்பது எனக்கு அங்கிருந்தே கேட்டது.

"நின்னுட்டாங்க போலிருக்கே. பாவம், நிறுத்திப் பாக்கலாமா?" என்றார் பெரியவர்.

"வேண்டாங்க. அவங்களுக்கு இன்னும் மூணு நாள் ஆகும்" என்று சொல்லிவிட்டு கியரை மாற்றினேன். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது. நேரத்துக்கு முன்பே சென்டர் வாசலில் நின்றோம்.